அச்சில் விழுந்த கோடு

அத்தியாயம் 14

சுந்தரமூர்த்தி அந்தக் காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எறிந்துவிட்டு நிலத்துக்குக் கிளம்பினார். வைத்த இட்லியைத் தொடவில்லை.

"எழுதினவன் யாருன்னு தெரியட்டும். அன்னிக்கு இருக்குது" என்றார், வண்டியை உதைத்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் ரத்தினம்மாள் வந்து நிச்சயத் தட்டைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை நவீன்குமார் உடன் வரவில்லை. "எங்களுக்கு ஒரு லெட்டர் வந்திச்சிங்க. இனிமே பேச்சு இல்ல" என்று அவன் தாயார் சொன்னாள். என்ன லெட்டர் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் காரில் ஏறிவிட்டாள். நேற்று சுந்தரமூர்த்தி பள்ளிப்பட்டுக்கே போய், அவர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டு, அந்த லெட்டரை வாங்கி வந்திருந்தார். உறையை அவர்கள் எப்போதோ எறிந்துவிட்டார்களாம்.

இரவு படுக்கப் போகுமுன் மனைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல எழுதியிருக்கறது நெஜமா?"

"பொய்ங்க. வயித்து வலின்னு அரக்கோணத்துக்கு இட்டுகினு போனோம். அவ்வளவுதான்."

யோகலட்சுமி சொன்னதை அவர் நம்பினார். இருபத்தொன்பது வருஷமாக நம்பிக்கொண்டிருப்பவர்.

இப்போது அவர் போன பிறகு, பகல் வெளிச்சத்தில், யோகலட்சுமி அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாள்.

'ஐயா அவர்களுக்கு, வணக்கம். தங்கள் வீட்டுக்கு மருமகளாக வரவிருக்கும் கனிமொழிக்கு மூன்று வருடமாக அரக்கோணத்தில் மருத்துவம் நடந்து வருகிறது. கருப்பை வளர்ச்சி குறைவாக உள்ளதால் குழந்தை பிறப்பது மிகவும் கடினம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். இது தங்களிடம் மறைக்கப்பட்டுள்ளது. தெரிந்துகொண்டு முடிவெடுக்கவும்.'

பெயரில்லை. கையெழுத்து இல்லை. கம்ப்யூட்டரில் அடித்து அச்செடுத்தது. மூன்றாம் முறை படித்தபோதுதான் எழுத்துகளின் குறுக்கே ஓடிய அந்தக் கோடு அவள் கண்ணில் பட்டது. மை விழாமல், மயிரிழை போல வெள்ளையாக, 'கருப்பை' என்ற சொல்லை நடுவில் அறுத்துக்கொண்டு போனது. கொஞ்சம் கீழே சின்னதாக இன்னொன்று.

அந்தக் கோடு அவளுக்குப் பழக்கமானது.

கூடத்து மூலையில், பழைய துண்டு போர்த்தி, பிரிண்டர் உட்கார்ந்திருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் கனிமொழி பார்த்துப் பார்த்து வாங்கியது அது. தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். கேள்வித்தாளைப் பஜாரில் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து எடுத்தால், பரீட்சைக்கு முன்பே பாதி ஊருக்குத் தெரிந்துவிடும் என்றாள். அண்ணன் சூர்யபிரகாஷ் ஒரகடம் கம்பெனியிலிருந்து போனிலேயே யோசனை சொன்னான், ஆஃபரில் வரும் சின்ன பிரிண்டர் போதும் என்று. பஜாரில் கடை வைத்திருக்கும் கலீம் வேண்டாமென்று தலையாட்டினார். "மிஷினைச் சல்லிசா குடுப்பான்மா. கார்ட்ரிஜ் வாங்கி வாங்கி நீ ஓய்ஞ்சிடுவ." லேசர் வாங்கினால் கலர் வராது, பிள்ளைகளுக்குப் பூவின் பாகம் காட்ட வேண்டுமே? மூன்று வாரம் கேட்டு, கேட்டு, கடைசியில் பாட்டிலில் மை ஊற்றும் டேங்க் பிரிண்டரை எடுத்து வந்தாள். வெளியே போகக்கூடாத பேப்பரெல்லாம் இனி வீட்டோடு இருக்கும் என்று சந்தோஷப்பட்டாள்.

வாரம் ஒரு முறையாவது கலரில் ஒரு பக்கம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்று கலீம் அப்போதே சொல்லியிருந்தார். கல்யாணப் பேச்சில் யாருக்கு அந்த ஞாபகம் இருந்தது? அரையாண்டு விடுமுறையில் சும்மாவே கிடந்து, அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் கோடு.

யோகலட்சுமி துண்டை விலக்கினாள். மகளிர் குழு நோட்டீஸ் எடுத்துப் பழகியவள். போனிலிருந்து பழைய நோட்டீஸ் ஒன்றை அனுப்பினாள். இயந்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டு காகிதத்தை உள்ளே இழுத்தது. வெளியே வந்ததை லெட்டரின் பக்கத்தில் வைத்தாள்.

அதே கோடு. அதே மயிரிழை வெள்ளை.

லெட்டர் இந்த வீட்டிலிருந்து போயிருக்கிறது.

அரக்கோணத்து விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவள், கனிமொழி, மருமகள் சுசித்ரா. கீழ்க்கொல்லை நிலத்தைக் கனிமொழி பேருக்கு எழுதிவைக்கிறேன் என்று சுந்தரமூர்த்தி சொன்ன அன்று சுசித்ராவின் முகம் போன போக்கை யோகலட்சுமி பார்த்திருந்தாள். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை.

"சுசித்ரா!"

சமையலறையில் நான்கு வயது மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு வந்தாள்.

"இத்தப் பாரு. அப்பறம் இத்தப் பாரு."

சுசித்ரா இரண்டையும் பார்த்தாள். லெட்டரைப் படித்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, யாரு அத்தை இத்த எழுதினது?"

"நீ கேக்கறியா? நம்ம மிஷின்ல எடுத்தது. கோட்டைப் பாரு. விஷயம் தெரிஞ்சது மூணு பேரு. நான் எழுதல. அவ வாழ்க்கைய அவளே கெடுத்துப்பாளா? மீதி யாரு?"

சுசித்ரா சீப்பை மேசையில் வைத்தாள்.

"அத்தை, நான் அந்த மிஷின்ல பாப்பாவுக்குப் படம் எடுக்கறதோட சரி. தமிழ்ல அடிக்கக்கூட எனக்குத் தெரியாது."

"தெரியாதவதான் ராத்திரி பகல் போனைத் தேய்ச்சிகினு இருக்கியா? கொல்லைய அவ பேருக்கு எழுதறேன்னதும் உனுக்கு வயிறு எரிஞ்சிச்சி. நான் பாத்தேன்."

"எரிஞ்சிச்சி அத்தை" என்றாள் சுசித்ரா. கண்ணைத் தாழ்த்தவில்லை. "இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுக்காக இத்தப் பண்ணுவனா? கனிய டாக்டர்கிட்ட கையப் புடிச்சி இட்டுகினு போனது நான். ஸ்கேன் எடுத்துட்டு வெளிய வந்து அவ சுவத்துல முட்டிகினு அழுதப்ப நீங்க எங்க இருந்தீங்க? யாராவது தெரிஞ்சவங்க பாத்துடப் போறாங்கன்னு மெடிக்கல் ஷாப் பக்கமா மறைஞ்சி நின்னுகினு இருந்தீங்க."

யோகலட்சுமியின் கை ஓங்கியது. அடிக்கவில்லை. ஆனால் ஓங்கியதைக் குழந்தை பார்த்துவிட்டது. ஓவென்று அழ ஆரம்பித்தது.

அரை மணி நேரத்தில் சுசித்ரா ஒரு பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்கு, தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வாசற்படியில் நின்று சொன்னாள்:

"எல்லா பிரிண்டர்லயும் கோடு விழும். இல்ல இதுல மட்டுந்தான் விழும்னா, அத்தக் கலீம் அண்ணங்கிட்ட கேட்டுட்டு என்னைச் சொல்லியிருக்கலாம். இனிமே நீங்க கேட்டாலும் ஒண்ணுதான், கேக்கலன்னாலும் ஒண்ணுதான்."

குழந்தைக்கு ஒரு பக்கம் பின்னல் போட்டிருந்தது. இன்னொரு பக்கம் விரிந்து கிடந்தது. அப்படியே தெருவில் போனது.

* * *

கிருத்திகை. மலைக்குப் போகும் கூட்டத்தில் பஜாரில் கால் வைக்க முடியவில்லை. காவடி ஒன்று போய் முடியும்வரை யோகலட்சுமி ஓரமாக ஒதுங்கி நின்றாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை வரவில்லை.

கலீமின் கடையில் பழைய பிரிண்டர்கள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தன. அவர் ஒரு ஊசிக்குழலில் எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் நீலம்.

"வாங்கக்கா. மறுபடியும் அடைச்சிகிச்சா?"

அவள் லெட்டரை எப்படி மடித்தால் விஷயம் தெரியாது என்று வழியெல்லாம் மடித்து மடித்துப் பார்த்து வந்திருந்தாள். 'ஐயா அவர்களுக்கு, வணக்கம்' என்பதோடு ஒரு வரி மட்டும் மேலே தெரியும்படி நீட்டினாள். கூடவே காலையில் எடுத்த நோட்டீஸ்.

"இது ரெண்டும் ஒரே மிஷினா கலீம்? எல்லா மிஷின்லயும் இப்பிடித்தான் விழுமா?"

"அடைக்கறது எல்லாம் அடைக்கும்க்கா. அதே எடத்துல அடைக்காது." அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்தார். "ஆங், உங்க வூட்டு மிஷின்தான். சந்தேகமே இல்ல."

யோகலட்சுமிக்கு மூச்சு வந்தது. தான் சொன்னது சரிதான். மருமகளிடம் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரிதான்.

"ஆனா ரெண்டும் ஒரே நாள்ல எடுத்ததில்ல" என்றார் கலீம்.

"எப்படிச் சொல்ற?"

"இத்தப் பாருங்க. இந்த லெட்டர்ல பெரிய கோட்டுக்குக் கீழ சின்னதா இன்னொண்ணு ஓடுது. நோட்டீஸ்ல ஒண்ணுதான் இருக்குது. பொங்கலுக்கு அடுத்த வாரம் கனிப் பொண்ணு ஒரு டெஸ்ட் பேஜைக் கொண்டாந்து காட்டிச்சி. அதுல இதே மாதிரி ரெண்டு கோடு, சின்னது அன்னிக்குத்தான் புதுசா விழுந்திச்சின்னு சொல்லிச்சி. அந்த ஞாயித்துக்கெழமை நான் உங்க வூட்டுக்கு வந்து ஹெட்டைக் கழுவி வுட்டேன். சின்ன அடைப்பு போயிடுச்சி. பெருசு போகல, அத்த மாத்தணும்னு சொன்னேன். ஞாபகம் இருக்குதா?"

அவர் மேசை இழுப்பறையைக் கிளறி அந்த டெஸ்ட் பேஜையே எடுத்துப் போட்டார். மூலையில் தேதி எழுதியிருந்தார். இரண்டு கோடு.

"அப்ப இந்த லெட்டர்..."

"அந்த ஒரு வாரத்துக்குள்ள எடுத்தது. முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல." லெட்டரை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. மடித்தபடியே திருப்பிக் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒக்காருங்கக்கா. தண்ணி குடிக்கறீங்களா?"

அவள் உட்காரவில்லை.

அந்த ஒரு வாரம் சுசித்ரா வீட்டில் இல்லை. தம்பி கல்யாணத்துக்கென்று குழந்தையோடு பொதட்டூர்பேட்டைக்குப் போனவள், கலீம் வந்து கழுவிவிட்டுப் போனதற்கு மறுநாள்தான் திரும்பினாள். சூர்யபிரகாஷும் அங்கேயேதான் இருந்தான். சுந்தரமூர்த்திக்கு அந்த இயந்திரத்தை எங்கே தட்டினால் விளக்கு எரியும் என்றுகூடத் தெரியாது.

யோகலட்சுமி கூட்டத்துக்குள் நடந்தாள். எதிரில் வந்தவர்களெல்லாம் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். லெட்டரில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை என்பது அப்போதுதான் அவள் மனதில் தைத்தது. ஒரு வசைச் சொல் இல்லை. மொட்டைக் கடிதாசி எழுதுகிற எவன் வணக்கம் போட்டு ஆரம்பிக்கிறான்?

சுசித்ராவின் எண்ணுக்கு நான்கு முறை போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. ஐந்தாம் முறை போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

* * *

கனிமொழி நான்கரைக்கு வந்தாள். பையை நாற்காலியில் மாட்டினாள். விடைத்தாள் கட்டை மேசையில் வைக்கப்போனவள், அங்கே விரித்து வைத்திருந்த லெட்டரைப் பார்த்தாள். கட்டை அதன் மேல் வைக்காமல் தள்ளி வைத்தாள்.

"நைனா வாங்கிகினு வந்துட்டாரா?" என்றாள்.

யோகலட்சுமிக்கு அந்த நிதானம்தான் தாங்கவில்லை.

"நீதானே?"

"ஆங்."

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுகினியேடி! அவனைப் புடிக்கலன்னா எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"புடிச்சிருந்திச்சிம்மா" என்றாள் கனிமொழி. "அதனாலதான் எழுதினேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. வகுப்பில் பாடம் நடத்துகிறவள் போலத்தான் பேசினாள்.

"நிச்சயத்துக்கு முன்னாடி ரெண்டு வாட்டி உங்கிட்ட கேட்டேன். அவர்கிட்ட சொல்லிடலாம்மான்னு. நீ இன்னா பண்ண? மலைக்கு இட்டுகினு போயி, சந்நிதியில நிக்க வெச்சி, என் வாயால யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கின. வாயால சொல்லல. அவர் தெனம் போன் பண்ணுவாரு. கொழந்தைக்கு இன்னா பேரு வெக்கலாம்னு ஒரு நாள் கேட்டாரு. அன்னிக்குத்தான் எடுத்தேன்."

"கல்யாணம் ஆனா எல்லாம் தன்னால சரியாப் போகும்டி. எத்தினி பேருக்கு..."

"டாக்டர் அப்படிச் சொல்லல. நீ சொன்ன."

யோகலட்சுமி லெட்டரை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அவர் ஒரு போன் பண்ணுவாருன்னு நெனச்சேன். 'கனி, இப்பிடி ஒரு லெட்டர் வந்திருக்குதே, நெஜமா?' அவ்வளவுதான் கேக்கணும். நெஜம்னு சொல்லியிருப்பேன். கேட்டா சொல்றதுல சத்தியம் மீறறது இல்லன்னு நானே முடிவு பண்ணிகினேன். அதுக்கப்பறம் வேணாம்னு சொல்லியிருந்தாக்கூட எனக்குக் கோவம் இல்ல." முதல் முறையாக அவள் குரல் தட்டுத் தடுமாறியது. "லெட்டர் போட்டதுலருந்து பாத்ரூம் போனாலும் போனைக் கையிலயே வெச்சிகினு இருந்தேம்மா. அவங்கம்மா தட்டை எடுத்துகினு வந்தாங்க. அவரு வரக்கூட இல்ல."

தாய் மகளின் தோளைத் தொடப் போனாள். கனிமொழி நகர்ந்துகொண்டாள். நகர்ந்தவளின் பார்வை கொடியில் போனது. குழந்தையின் பாவாடைகள் அங்கே இல்லை.

"பாப்பா எங்கம்மா? அண்ணி எங்க?"

யோகலட்சுமி சொல்ல வேண்டியிருந்தது. காலையில் நடந்ததைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னாள். கை ஓங்கியதைச் சொல்லவில்லை. குறைத்துச் சொன்னதற்கே கனிமொழியின் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணியையா? அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு ஒரு மாசம் எங்கூடவே படுத்துகினு இருந்தாங்களே, அவங்களையா?"

"எனக்குத் தெரியாதேடி..."

"இப்பத் தெரியுதில்ல? போன் பண்ணி மன்னிப்பு கேளு."

"எடுக்க மாட்டேன்றா."

"அப்ப நேர்ல போ. அண்ணனுக்குச் சொல்லு. நைனாவுக்குச் சொல்லு."

"நைனாவுக்கா?" யோகலட்சுமி கதவுப் பக்கம் பார்த்தாள். "இரு கனி. அவசரப்படாத. கொஞ்சம் ஆறட்டும். நான் பாத்துச் சொல்றேன்."

கனிமொழி தாயை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

* * *

ஐந்தேகாலுக்கு வண்டிச் சத்தம் கேட்டது. சுந்தரமூர்த்தி காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"வழியில பக்கத்து வூட்டு ஸ்ரீதரைப் பாத்தேன். சுசித்ரா பையைத் தூக்கிகினு பஸ் ஏறினாளாமே, புள்ள அழுதுகினே போச்சாமே. இன்னா நடந்திச்சி?"

யோகலட்சுமி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"லெட்டரை எழுதினது யாருன்னு தெரிஞ்சிடுச்சா? அதானே சண்டை?"

அவர் நெற்றியில் வியர்வை காயவில்லை. நேற்றுப் பள்ளிப்பட்டில், யாரோ ஒருத்தன் வாசலில், என் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்த மனிதர். வெறும் வயிற்று வலி என்று மனைவி எப்போதோ சொன்னதை நம்பிச் செய்த சத்தியம்.

மகள்தான் எழுதினாள் என்று சொன்னால், ஏன் எழுதினாள் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், லெட்டரில் உள்ளது நிஜம் என்று சொல்ல வேண்டும். பிறகு மலைமேல் வாங்கிய சத்தியம். பிறகு நேற்று ராத்திரி சொன்ன பொய். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் அவள் வாசலில் வந்து நிற்கும். மகளைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது அப்படியில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சுசித்ராதாங்க" என்றாள்.

சுந்தரமூர்த்தி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம வூட்டு மருமவளா?" என்றார். கோபத்தை எதிர்பார்த்திருந்தாள். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை. "பெத்த பொண்ணா நெனச்சேனே அந்தப் புள்ளைய. சூர்யாவுக்குப் போன் போடு. அவ இனிமே இந்தப் படி ஏறக் கூடாதுன்னு சொல்லிடறேன்."

அறைக்குள்ளிருந்து பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது.

கனிமொழி வெளியே வந்தாள். புடவை மாற்றவில்லை. தோளில் பை. மேசைக்கு வந்து, லெட்டரை எடுத்து நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"நைனா, பொதட்டூர்பேட்டைக்கு அடுத்த பஸ் எத்தினி மணிக்கு?"

"அஞ்சே முக்காலுக்கு ஒண்ணு இருக்குது. இன்னாத்துக்குமா? அந்த வூட்டுக்கு நீ ஏன் போற?"

அவள் அப்பாவிடமிருந்து திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள்.

"நான் வாசல்ல செருப்பு மாட்டறதுக்குள்ள நீயே சொல்லிடும்மா. இல்லன்னா நான் திரும்பி வந்து சொல்லுவேன். இந்த வாட்டி வாயாலயே சொல்லுவேன்."

சுந்தரமூர்த்தி மகள் போவதைப் பார்த்தார். பிறகு மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார்.

"யோகா, இன்னாத்த சொல்லணும்?"